முதல் சாட்சியின் மதம்

வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கில் எதிரிக்கு ஆஜராகிற வக்கீல், கட்டைப் பிரித்ததும் முதலில் தேடுவது புகார்தாரரின் சாதிச் சான்றைத்தான். தாசில்தார் கையெழுத்து இருக்கிறதா, சம்பவத்துக்கு முன் வாங்கியதா பின் வாங்கியதா, எதிரியின் சாதிக்கும் சான்று இணைத்திருக்கிறார்களா என்று பார்ப்போம். 2012-ல் ராசிபுரம் பக்கமிருந்து என்னிடம் வந்த ஒரு கட்டில் எல்லாம் சரியாகவே இருந்தன. 'இந்து - அருந்ததியர்' என்று பழைய தேதியில் சான்று, அழியாத முத்திரை. எனக்கு வழி கிடைத்தது முதல் தகவல் அறிக்கையில்.

'காலை ஆறரை மணிக்கு லோடு இறக்கக் கூப்பிட்டார்கள். ஜெபத்துக்குப் போய்விட்டு மதியம் வருகிறேன் என்று சொன்னேன்' என்று அதில் ஒரு வரி. புகார்தாரர் சொன்னதை ஸ்டேஷன் ரைட்டர் சொன்னபடியே எழுதிவிட்டார். கொஞ்சம் விவரமானவராக இருந்திருந்தால் 'சொந்த வேலையாக' என்று போட்டிருப்பார், நானும் வேறு ஓட்டை தேடியிருப்பேன்.

என் கட்சிக்காரர் ஒரு சேகோ ஆலைக்காரரின் மகன். இருபத்தெட்டு வயது. ஊர்ப் பெயர் இங்கே வேண்டாம். மரவள்ளிக் கிழங்கு சீசன் எப்படியிருக்கும் என்று சேலம், நாமக்கல் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பறித்த கிழங்கு இரண்டு நாள் தாங்கினால் அதிகம். அதற்கு மேல் போனால் உள்ளே நீலக் கருப்பாய்க் கோடு விழும், மாவு வெளுக்காது, ஜவ்வரிசி மூட்டை சேகோசர்வ் ஏலத்துக்குப் போகும்போது விலை இறங்கும். கிழங்குக்கு விலையே மாவுச்சத்தின் 'பாயிண்ட்' கணக்கில்தான். அதனால் லாரி எடைமேடையில் ஏறிவிட்டால் ஞாயிறு, திங்கள் என்று யாரும் பார்ப்பதில்லை.

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் மூன்று லாரிகள் ஒரே நேரத்தில் வந்து நின்றன. இறக்குகிற ஆட்களில் மூத்தவர் இந்தப் புகார்தாரர். வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. ஆலையில் முன்பணம் வாங்கியிருந்தார், கொஞ்சம் பாக்கியும் இருந்தது. 'எங்க காசை வாங்கித் தின்னுட்டு உனக்கு ஜெபம் ஒரு கேடா' என்று ஆரம்பித்து, சாதிப் பெயரைச் சொல்லி, அங்கே கிடந்த மண்வெட்டிக் காம்பை எடுத்திருக்கிறார் சின்ன முதலாளி. எடைமேடைக்காரர் புகார்தாரரைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார் என்பது அரசுத் தரப்பு. காதுக்கு மேலே ஐந்து தையல், இடது முழங்கையில் வீக்கம். கிழங்குத் தோல் உரிக்க வந்த பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்த இடம் அது. பொது இடத்தில், பலர் பார்க்க, சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது என்று அன்றைய சட்டத்தில் இருந்த பிரிவு 3(1)(எக்ஸ்) அப்படியே பொருந்தியது. அந்தச் சட்டத்தில் முன்ஜாமீன் கிடையாது. பையன் சேலம் மத்திய சிறையில் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்துவிட்டுத்தான் வந்தார்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அடித்தாரா என்று நான் என் கட்சிக்காரரைக் கேட்கவில்லை. கேட்கிற வழக்கம் எனக்கு இல்லை. ஆனால் அவருடைய அப்பா, முதல் நாள் ஆபீசில் உட்கார்ந்தபோதே, 'கோபத்துல ரெண்டு போட்டுட்டான் வக்கீல் சார், அதுக்குப் போயி சாதிக் கேஸா?' என்றார். அடியைவிட அடிக்குச் சட்டம் வைத்திருந்த பெயர்தான் அந்த வீட்டை உறுத்தியது.

புகார்தாரர் எப்படிக் கிறிஸ்தவரானார் என்பது வழக்குக்குத் தேவைப்பட்டதால் விசாரித்தேன். அவர் மதம் மாறவே இல்லை. மாறியது அவருடைய தாத்தா. சேந்தமங்கலத்துக்கு மேலே கொல்லிமலையில் ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்ற ஆங்கிலேயத் தம்பதி முதல் உலகப் போருக்குக் கொஞ்சம் முன்பு குடியேறினார்கள். ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்தவர்கள். தொழுநோயாளிகளின் முடங்கிய கைகளுக்கு வேலூரில் அறுவைச் சிகிச்சை செய்து உலகப் பெயர் வாங்கிய டாக்டர் பால் பிராண்ட், 1914-ல் அவர்களுக்குப் பிறந்த மகன். அன்றைக்கு மலையிலும் அடிவாரத்திலும் நரம்புச் சிலந்தி நோய் அதிகம். காலில் பொத்துக்கொண்டு வரும் புழுவை அறுந்துவிடாமல் ஒரு குச்சியில் சுற்றி, தினம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுப்பார்கள். ஜெஸ்ஸி பிராண்ட் அந்த வேலையைச் செய்தவர். 1929-ல் காய்ச்சலில் மலையிலேயே இறந்தார். ஈவ்லின் அம்மையார் மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் மலையை விடவில்லை. 1974-ல், தொண்ணூறு வயதைக் கடந்து இறக்கும்வரை இங்கேதான் சுற்றிக்கொண்டிருந்தார். புகார்தாரரின் தாத்தாவுக்கும் காலில் புழு. குச்சியில் சுற்றி எடுத்தவர்களின் சாமியை அவர் கும்பிட ஆரம்பித்தார் என்று அந்த வீட்டில் சொல்லிக்கொள்கிறார்கள். புகார்தாரரின் அப்பாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் 'இந்து' என்று எழுதினார். யாரும் திருத்தவில்லை. திருத்தினால் என்ன போகும் என்பது அந்தத் தெருவுக்கு நன்றாகத் தெரியும்.

என்ன போகும் என்பதற்குச் சட்டத்தில் விடை இருக்கிறது. 1950 ஆகஸ்ட் 10 தேதியிட்ட குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தி, இந்து அல்லாத யாரும் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார் என்றது. 1956-ல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள், 1990-ல் பௌத்தர்களை. கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் வெளியிலேயே நிற்கிறார்கள். இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனவர் சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்த சூசை என்பவர். செருப்புத் தைப்பவர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது; கிறிஸ்தவர் என்பதால் அவருக்கு இல்லை என்றார்கள். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதே ஊசியால் அதே தோலைத் தைத்தவருக்குக் கிடைத்தது. 1985-ல் தீர்ப்பு வந்தது. மதம் மாறிய பிறகும் சாதிக் கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்று காட்டப் போதிய ஆதாரம் வைக்கப்படவில்லை என்று சொல்லி மனுவைத் தள்ளுபடி செய்தார்கள். வன்கொடுமைச் சட்டம் பட்டியல் சாதி என்று சொல்வதும் இந்த ஆணையில் உள்ள பொருளில்தான். ஆகவே புகார்தாரர் கிறிஸ்தவர் என்று நிரூபணமானால், மண்வெட்டிக் காம்பு அப்படியே இருக்கும், தையல் அப்படியே இருக்கும், வாயிலிருந்து வந்த சாதிப் பெயர் அப்படியே இருக்கும். வன்கொடுமை மட்டும் இருக்காது.

இதை எதிரித் தரப்பு வக்கீல் உருவாக்கவில்லை. சட்டம் வைத்திருக்கிற கதவு. என் வேலை அதைத் தட்டுவது.

சாட்சி விசாரணைக்கு முன்னால் இந்த மாதிரி வழக்குகளில் வழக்கமாக நடப்பது நடந்தது. ராஜி பேச ஆள் போனது. எனக்கு அதில் பங்கு இல்லை. எதிர்த்தரப்புச் சாட்சியோடு பேசுகிற வக்கீல் தொழிலைக் கெடுத்துக்கொள்கிறவர். ஆலைக் கணக்கர் பிறகு என்னிடம் சொன்னதை எழுதுகிறேன். முன்பணப் பாக்கியைத் தள்ளிவிடுகிறோம், மேலே ஒரு லட்சம் தருகிறோம், கூண்டில் ஏறி 'யார் அடிச்சாங்கன்னு தெரியல' என்று சொன்னால் போதும் என்று ஊர்ப் பெரியவர்கள் இருவர் போனார்கள். கூடவே சபையின் போதகரையும் கூட்டிக்கொண்டு போனார்கள். 'உங்க வேதமே மன்னிக்கத்தானே சொல்லுது' என்பது பெரியவர்களின் வாதம். எங்கள் பக்கம் கிறிஸ்தவ வேதத்தைப் பற்றி மற்றவர்களுக்குத் தெரிந்த ஒரே விஷயம் அதுதான். ஒரு கன்னத்தில் அடித்தால் மறு கன்னம். அடிக்கிறவர்களுக்கு மிகவும் வசதியான வசனம்.

அவர் சொன்ன பதிலைக் கணக்கர் என்னிடம் அப்படியே நடித்துக் காட்டினார். 'மன்னிச்சு ரொம்ப நாளாச்சுங்க. சின்ன மொதலாளி பேரைச் சொல்லி தினமும் ஜெபம் பண்றனுங்க. ஆனா அவரு அடிக்கலைன்னு நான் சொன்னா அது மன்னிப்பு இல்லீங்களே, பொய்யில்லீங்களா?'

எதிரித் தரப்புக்காரனாக எனக்கு அது கெட்ட செய்திதான். ஆனால் கேட்டதும் எனக்குக் கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் நினைவு வந்தது. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் அவருடைய கணவர் கிரஹாம் ஸ்டெயின்ஸையும், பத்து வயதும் ஆறு வயதுமான இரண்டு மகன்களையும் ஜீப்புக்குள் வைத்து எரித்தார்கள். அந்த அம்மா கொன்றவர்களை மன்னித்துவிட்டேன் என்றார். வழக்கை நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை; தண்டனை சட்டத்தின் வேலை என்று விட்டார். பாரிபாதாவில் கணவர் நடத்திய தொழுநோய் இல்லத்தைப் பல ஆண்டுகள் தொடர்ந்து நடத்தினார். மன்னிப்பதும் சாட்சியைக் கலைப்பதும் வேறு வேறு என்று சட்டம் படித்த எங்களுக்கே அடிக்கடி மறந்துபோகிறது.

அந்த வழக்கின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2011 ஜனவரி 21-ல் வந்தது. அமர்வில் இருந்தவர்களில் ஒருவர் நீதிபதி பி. சதாசிவம், காவிரிக்கு அக்கரையில் பவானிப் பக்கம் காடப்பநல்லூரில் பிறந்தவர். முதன்மைக் குற்றவாளி தாரா சிங்குக்கு ஆயுள் தண்டனை போதும் என்று உறுதிசெய்த அந்தத் தீர்ப்பில், மதமாற்றம் செய்ததற்காக ஸ்டெயின்ஸுக்குப் பாடம் புகட்டுவதே நோக்கமாக இருந்தது என்ற பொருளில் ஒரு வாக்கியம் இருந்தது. நாடெங்கும் எதிர்ப்பு வந்தது. நான்கே நாளில் நீதிமன்றம் தானாகவே அந்த வாக்கியத்தையும் இன்னொன்றையும் நீக்கி மாற்றி எழுதியது. எழுதிய தீர்ப்பில் வரி நீக்குவது சாதாரணமாக நடப்பதில்லை. அதை நான் பாராட்டுகிறேன். அந்த வரிகள் முதலில் எப்படி உள்ளே வந்தன என்ற கேள்வியும் எனக்கு உண்டு.

2014-ல் சாட்சி விசாரணை. அவர் அரசுத் தரப்பு முதல் சாட்சி. செருப்பை வராந்தாவில் கழற்றிவிட்டு வந்தார். கூண்டின் விளிம்பைப் பிடித்த விரல்களில், மூட்டைக் கொக்கி பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன மேடுகள் எனக்குத் தெரிந்தன. காதுக்கு மேலே முடி முளைக்காத ஒரு கோடு. கடவுள் அறியச் சொல்வதெல்லாம் உண்மை என்று டபேதார் சொல்லச் சொல்ல நிதானமாகச் சொன்னார். முதல் விசாரணையில் நடந்ததை நடந்தபடி சொன்னார். கூட்டவில்லை. எடைமேடைக்காரர் பிடித்துக்கொண்டாரா என்று அரசு வழக்கறிஞர் கேட்டபோது, 'பிடிச்ச மாதிரி இருந்துச்சுங்க, விலக்கிவுடத்தான் வந்தாரோ என்னமோ, நான் பின்னால பார்க்கலீங்க' என்றார். அத்தோடு இரண்டாம் எதிரியான எடைமேடைக்காரர் விடுதலைக்குப் பாதி வழி வந்துவிட்டார். அரசு வழக்கறிஞர் முகத்தை நான் பார்த்தேன். தனக்குச் சாதகமாகப் பொய் சொல்லாத சாட்சி அரசுத் தரப்புக்கும் தலைவலிதான்.

குறுக்கு விசாரணைக்கு எழுந்தேன். காயம், நேரம், வெளிச்சம் என்று சும்மா பத்து நிமிடம் சுற்றினேன். பிறகு கேட்டேன்.

'அன்று காலை எங்கே போக வேண்டும் என்று சொன்னீர்கள்?'

'ஜெபத்துக்குங்க.'

'எந்தக் கடவுளுக்கு ஜெபம்?'

அரசு வழக்கறிஞர் எழுந்து ஆட்சேபித்தார். சாதிச் சான்று குறியீடு செய்யப்பட்டிருக்கிறது, அதை ரத்து செய்ய இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை, அதற்கு வேறு குழு இருக்கிறது என்றார். சரியான ஆட்சேபம். சான்றை நான் ரத்து செய்யச் சொல்லவில்லை, சாட்சியின் வாக்குமூலத்தைத்தான் கேட்கிறேன் என்றேன். நீதிபதி கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேள்வியை அனுமதித்தார். ஆனால் சாட்சியின் பக்கம் திரும்பி, 'அவசரப்படாம, யோசிச்சுப் பதில் சொல்லுங்க' என்றார். நீதிபதிகள் வழக்கமாக அப்படிச் சொல்வதில்லை. அவருக்கும் தெரிந்திருந்தது, அந்தப் பதிலில் என்ன இருக்கிறது என்று.

சாட்சிக்கும் தெரிந்திருந்தது. அரசு வழக்கறிஞர் முந்தைய வாய்தாவிலேயே விளக்கியிருக்கிறார். போதகரும் சொல்லியிருக்கிறார்: சான்றில் என்ன இருக்கிறதோ அதைச் சொல், அது பொய்யாகாது.

'ஏசு சாமிக்குங்க. நான் கிறிஸ்தவனுங்க. சர்டிபிகேட்டு எங்கப்பனைப் பள்ளிக்கூடத்துல சேர்த்தப்ப எழுதுனதை வச்சு வாங்குனதுங்க.'

டைப்பிஸ்ட் அடித்து முடிக்கும்வரை யாரும் பேசவில்லை. மறு விசாரணையில் அரசு வழக்கறிஞர் ஒரு நல்ல முயற்சி செய்தார். ஊரில் மாரியம்மன் பண்டிகைக்கு உங்கள் வீட்டிலிருந்து வரி கொடுப்பதுண்டா என்று கேட்டார். உண்டு என்றால் இந்து வழக்கங்களை விடவில்லை என்று வாதாட இடம் கிடைக்கும். 'எந்தம்பி குடுப்பானுங்க. நான் குடுக்கறதில்லீங்க' என்றார். அந்த ஜன்னலையும் அவரே சாத்திவிட்டார்.

என் குறிப்பில் இன்னொரு கேள்வி இருந்தது: உங்கள் சபைக்கு வரும் மற்றவர்களின் சான்றிதழில் என்ன மதம்? என் கட்சிக்காரரின் அப்பா அதைக் கேட்கச் சொல்லி வற்புறுத்தினார். கேட்கவில்லை. வழக்குக்குத் தேவையில்லாத கேள்வி அது. அதைக் கேட்டிருந்தாலும் அந்த மனிதர் உண்மையைத்தான் சொல்லியிருப்பார் என்பது அதற்குள் எனக்குத் தெரிந்துபோயிருந்தது.

தீர்ப்பு எதிர்பார்த்தபடி வந்தது. சம்பவத் தேதியில் புகார்தாரர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்பது அவருடைய சொந்த வாக்குமூலத்தாலேயே நிரூபிக்கப்படவில்லை. வன்கொடுமைக் குற்றச்சாட்டிலிருந்து இருவரும் விடுதலை. மண்வெட்டிக் காம்பு உயிர்போகச் செய்யக்கூடிய ஆயுதமா என்று நான் கிளப்பிய சந்தேகத்தில் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 324-ஆம் பிரிவு கழன்று 323 ஆனது. கொலை மிரட்டல் குற்றச்சாட்டும் நிரூபணமாகவில்லை. முதல் எதிரிக்கு 323-ல் ஆயிரம் ரூபாய், ஆபாசமாகத் திட்டியதற்கு ஐந்நூறு ரூபாய் அபராதம். ஆயிரத்துக்கு மேல் அபராதம் போட அன்றைய 323-ல் இடமே இருக்கவில்லை. ஐந்து தையலுக்கும் பல பெண்கள் முன்னால் வாங்கிய வசவுக்கும் சேர்த்து ஆயிரத்து ஐந்நூறு. என் பீஸ் அதைவிடப் பல மடங்கு.

அந்தக் கேள்வியைக் கேட்டதற்கு வருத்தம் உண்டா என்று இளம் வக்கீல்கள் கேட்டிருக்கிறார்கள். இல்லை. சட்டத்தில் இருப்பதைக் கட்சிக்காரருக்காகக் கேட்காமல் விடுகிற வக்கீல் வக்காலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது. என் சண்டை 1950 ஆணையின் அந்த மூன்றாவது பத்தியோடுதான். அடித்தவர் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு அடிக்கவில்லை. புகார்தாரரின் குடும்பம் மூன்று தலைமுறையாக வேறு சாமியைக் கும்பிட்டும், அடித்தவர் வாயில் வந்த பெயர் அந்தப் பழைய பெயர்தான். எடைமேடையில் புகார்தாரர் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. கோர்ட்டில் மட்டும் சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகத்தை உண்டாக்கியவர் கூண்டில் நின்று உண்மை பேசிய ஆளே. கொஞ்சம் நழுவியிருந்தால் சட்டம் அவர் பக்கம் நின்றிருக்கும்.

விசுவாசத்துக்காகத் துன்பப்பட்டவர்கள் என்றால் பெரிய பெயர்கள் வந்து நிற்கும். திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்து ஜார்க்கண்டு பழங்குடிகளோடு வாழ்ந்த ஸ்டேன் சாமி, நடுங்கும் கையால் தண்ணீர் குடிக்க ஓர் உறிஞ்சு குவளைக்குக்கூட மனுப்போட்டுக் காத்திருந்து, 2021 ஜூலை 5-ல் விசாரணைக் கைதியாகவே இறந்தார். அவரை உலகம் அறியும். மாவட்டக் கோர்ட்டில் ஒரு லோடு தூக்கும் ஆள் 'நான் கிறிஸ்தவனுங்க' என்று சொன்னது எந்தப் பேப்பரிலும் வரவில்லை.

வராததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவருடைய சபைக்கே அது பிடிக்கவில்லை. அந்தத் தகரக் கொட்டகையில் ஞாயிறன்று கூடுகிறவர்களில் பெரும்பாலோர் கையில் இந்துச் சான்று. பிள்ளைகளின் உதவித்தொகை, ஒருவருக்கு மின்வாரிய வேலை, இன்னொருவருக்குத் தாட்கோ கடன் எல்லாம் அதில் தொங்குகின்றன. ஒருவர் உண்மை பேசியதால் எல்லோர் வீட்டுப் பீரோவும் ஆட்டம் கண்டது. சில மாதங்கள் அவரோடு பேசாதவர்கள் உண்டு என்று போதகரே என்னிடம் சொன்னார். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒருவர் தன் பங்குக்கு உண்மையின் விலையைக் கொடுக்கலாம்; பக்கத்து வீட்டுக்காரருக்கும் சேர்த்துச் சீட்டு எழுத அவருக்கு உரிமை உண்டா என்று நான் யோசித்ததுண்டு. இன்னும் முடிவுக்கு வரவில்லை. இதற்கு மேல், சாதியைத் திருச்சபை தன் வாசலில் நிறுத்திவிட்டது என்று சொல்லவும் வழியில்லை. விழுப்புரம் பக்கம் எறையூரில் 2008 மார்ச்சில் கத்தோலிக்கர்களுக்குள்ளேயே சாதிக் கலவரம் வந்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் செத்தார்கள். ஒரே பீடத்தில் நன்மை வாங்கியவர்கள்தான் இரு பக்கமும்.

எங்கள் மாவட்டத்திலேயே அடுத்த ஆண்டு வந்தது கோகுல்ராஜ் வழக்கு. 2015 ஜூனில் திருச்செங்கோடு மலைக்கோயிலிலிருந்து கடத்தப்பட்டு, பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தவர் கோகுல்ராஜ், பொறியியல் படித்த இளைஞர். முக்கியச் சாட்சி கூண்டில் பிறழ்ந்தார். கோயிலின் கேமரா பதிவுதான் வழக்கைத் தாங்கியது. விசாரணை நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாற்றப்பட்டு, 2022 மார்ச்சில் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. உயர் நீதிமன்றம் இருவரின் தண்டனையைக் குறைத்து, மற்ற எட்டுப் பேருக்கு அதை உறுதிசெய்தது. அந்த வழக்கில் சாட்சிகள் எவ்வளவு பயந்தார்கள் என்பதை எங்கள் கோர்ட் வராந்தாவில் நின்றவர்கள் அறிவார்கள். பயம் இருக்கிற ஊரில் பிறழ்வது எளிது, இயல்பும்கூட. அதனால்தான் முந்தின வருடத்து அந்த மனிதர் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தார்.

அவர் வீட்டுக் கதை கோர்ட்டோடு முடியவில்லை. கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஒரு மொட்டைப் பெட்டிஷன் போயிற்று. இன்ன வழக்கில் இன்னார் கிறிஸ்தவர் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார், அவர் மகளின் இந்து அருந்ததியர் சான்று செல்லாது என்று. வாக்குமூலத்தின் நகலும் இணைப்பு. யார் அனுப்பியது என்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன், நிரூபிக்க முடியாது. மகள் அப்போது பிளஸ் டூ முடித்து நர்சிங் கவுன்சலிங்குக்குக் காத்திருந்தாள். விசாரணைக் கடிதத்தோடு என் ஆபீசுக்கு வந்து நின்றாள்.

'ஏம்மா, உங்கப்பாவை எதிர்த்து ஆஜரான வக்கீல் நான்தான். தெரியுமில்ல?'

'தெரியும் சார். அப்பாதான் அனுப்பினாரு. எங்க கேஸ் முழுசாத் தெரிஞ்ச வக்கீல் நீங்கதான்னு சொன்னாரு.'

ஆலைக்காரர் கணக்கு அதற்குள் முடிந்திருந்தது, இது வேறு விவகாரம், எடுத்துக்கொண்டேன். பதில் எழுத வேண்டுமானால் அதே கேள்வியைக் கேட்டாக வேண்டும். 'நீ கிறிஸ்டியனாம்மா?'

அவள் என்னைப் பார்த்துவிட்டு, கடிதத்தைப் பார்த்தாள். 'எது எழுதினா சீட்டு கிடைக்குமோ அதை எழுதுங்க சார்' என்றாள். பிறகு, குரல் இறங்கி, 'அப்பாகிட்ட காட்டாம எழுத முடியுமா?' என்றாள்.

அவள் சொன்னதில் எனக்கு எந்த அதிர்ச்சியும் இல்லை. பட்டியலில் அருந்ததியர் உள் ஒதுக்கீடு மூன்று சதவீதம். கிறிஸ்தவராக மாறிய பட்டியல் சாதியினர் என்றால் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல். அதில் போட்டி வேறு, கட் ஆப் வேறு. அவளுக்கு இருந்த மதிப்பெண்ணுக்கு ஒன்றில் அரசுக் கல்லூரி நிச்சயம், இன்னொன்றில் இல்லை. பதினேழு வயதுப் பெண்ணுக்கு இந்தக் கணக்குத் தெரிந்திருந்தது. அப்பாவோடு பேசிவிட்டு வா, இரண்டு வார அவகாசம் வாங்கித் தருகிறேன் என்று மனு எழுதிக் கொடுத்தேன்.

மறுவாரம் இருவரும் சேர்ந்து வந்தார்கள். என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் கேட்கவில்லை. பழைய சான்றை ஒப்படைத்துவிட்டுப் பிற்படுத்தப்பட்டோர் சான்றுக்கு விண்ணப்பிக்கிறோம் என்று சொன்னது மகள்தான், அப்பா இல்லை. கோபமாகத்தான் சொன்னாள். அப்பா பையிலிருந்து ரேஷன் கார்டு நகலை எடுத்து மேசையில் வைத்தார்.

அதற்குப் பிறகு சட்டம் இறுகியிருக்கிறதே தவிரத் தளரவில்லை. 2024 நவம்பரில் புதுச்சேரியைச் சேர்ந்த செல்வராணி வழக்கில், கிறிஸ்தவ நம்பிக்கையில் இருந்துகொண்டு வேலைக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியலமைப்பின் மீது செய்யும் மோசடி என்றது உச்ச நீதிமன்றம். 2025 ஏப்ரல் 30-ல் ஆந்திர உயர் நீதிமன்றம், குண்டூர் பக்கத்துப் போதகர் ஒருவர் கொடுத்த வன்கொடுமை வழக்கை ரத்து செய்தது. சான்று ரத்தாகாமல் இருந்தாலும் மதம் மாறியவருக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை என்றது. மதம் மாறியவர்களுக்குப் பட்டியல் சாதி நிலை தரலாமா என்று ஆராய 2022-ல் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் ஒன்றை அமைத்தார்கள். அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் தரலாம் என்று சொல்லியிருந்தது. ஆந்திரத் தீர்ப்பை என் ஜூனியர் ஒருவர் அச்செடுத்துக்கொண்டு வந்து, 'சார், பத்து வருஷம் முன்னாடியே நீங்க இந்தப் பாயிண்ட்டுல ஜெயிச்சிருக்கீங்க' என்றார்.

அந்த மகளுக்கு அரசுக் கல்லூரி கிடைக்கவில்லை. சேலத்தில் ஒரு தனியார் நர்சிங் கல்லூரியில் வங்கிக் கடன் வாங்கிப் படித்தாள். கடனுக்குத் தேவையான ஜாமீன் கையெழுத்தைப் போதகர் போட்டார். அவள் இப்போது வேலையில் இருக்கிறாள்; சம்பளத்தில் பிடித்தம் போக வீட்டுக்கும் அனுப்புகிறாள். அப்பா அந்த ஆலையை விட்டு ஆத்தூர்ப் பக்கம் வேறொரு ஆலையில் இறக்குகிறார், சீசனில் ஞாயிறு மதியம் முதல். கல்விக் கடன் இன்னும் முடியவில்லை.